ஒரு சாண் கைப்பிடி

நான் பயந்த சுபாவம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மனைவி மரவேலை செய்கிறவள். மராத்தி பேசும் கட்கியில் எங்கள் வீட்டின் பின்பக்க அறைதான் அவளுடைய பட்டறை. கொலுப்படி, அஞ்சறைப்பெட்டி, பூஜை மாடம் என்று கோந்த்வா, ஹடப்சர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து ஆர்டர் வரும். அவள் இடது உள்ளங்கையில் ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. பலகை அசைந்து உளி பாய்ந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அதற்குப் பிறகு பட்டறையில் சத்தம் திடீரென்று நின்றால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

பட்டறை மேஜையில் பழைய வைஸ் ஒன்று உண்டு. இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே பலகையை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாமனார் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்தது. கட்கி ஃபேக்டரியில் மரப்பிரிவில் வேலை பார்த்தவர். கருவிகளை மகளைத் தவிர யாரும் தொட்டால் முறைப்பார். அந்த முறைப்பு எனக்குக் கல்யாணத்தன்றே கிடைத்துவிட்டது. வைஸின் கைப்பிடி மட்டும் ஒரு சாண் நீளம்தான். இன்னொரு சாண் மரத்துக்குக் கணக்குப் பார்த்த கஞ்சன் என்று மாமியார் சொல்லிச் சிரிப்பார். இருவரும் இப்போது இல்லை.

மாமனார் விட்டுப்போன பழக்கம் ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு வைஸின் முன்தாடையில் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைப்பார். நடுவில் வைக்கமாட்டார், இடது ஓரத்தில்தான். பழைய பொட்டைத் துடைக்கக் கூடாது, அதன் மேலேயே புதுசு வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வருஷா வருஷம் பூசிப் பூசி அந்த இடம் அடை மாதிரி கெட்டியாகிவிட்டது. அவருக்குப் பிறகு என் மனைவியும் அப்படியே செய்துவந்தாள்.

போன வருஷம் அந்தக் கைப்பிடி நெடுகப் பிளந்துவிட்டது. வைஸையே கழற்றிச் சுத்தம் செய்து, கைப்பிடியும் புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டிம்பர் மார்க்கெட்டில் மரம் கடைகிற லேத் வைத்திருக்கிறவர் எவ்வளவு நீளம் என்று மராத்தியில் கேட்டார். சின்னக் கைப்பிடியால் மணிக்கட்டு வலிக்கிறது என்று அவள் அலுத்துக்கொள்வது ஞாபகம் வந்தது. ஒன்றேகால் அடி என்று பெருமையாகச் சொன்னேன். ஈட்டி மரத்தில் வழவழவென்று கடைந்து கொடுத்தார்.

டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துரு எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பொட்டு இருந்த இடத்தை மட்டும் தொடவில்லை. திரும்ப மேஜையில் பூட்டியபோது ஆயுத பூஜை காலை. முன்தாடையைத் திருகோடு சேர்க்கும் ஆணி முழுதாக உள்ளே போகவில்லை. சுத்தியலால் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அத்தனை வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே, தாடையின் விளிம்பிலிருந்து திருகை நோக்கி, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

உடைத்துவிட்டேன். வார்ப்பிரும்பு வளையாது, ஒரே போக்காகப் பிளந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும். அதே நேரம் அவள் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நானே வைக்கிறேன் என்று கிண்ணத்தைப் பிடுங்கி, விரிசல் மேல் அப்பி, பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டேன். இந்த வருஷம் உங்களுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சிரித்தாள்.

அன்று முழுவதும் கருவிகளுக்கு ஓய்வு. எனக்குத்தான் இல்லை. உளியை ஓங்கும் நேரத்தில் தாடை பிளந்தால் அந்தக் கை என்ன ஆகும் என்பதே மனசில் ஓடியது. சொல்லிவிடலாம் என்று நாலு தடவை பட்டறை வாசல் வரைக்கும் போனேன். சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். செத்த பிறகும் அந்த மனிதர் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் விஜயதசமி. புது வேலை தொடங்குகிற நாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கனமான தேக்குப் பலகையை வைஸில் செருகி, புதுக் கைப்பிடியைப் பிடித்தாள். நீளமாக இருந்ததால் நன்றாகச் சாய்ந்து அழுத்தினாள். பலகை நெரிந்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கட்டைவிரலால் பொட்டை அழித்துவிட்டேன்.

அவள் முகம் செத்துவிட்டது. எங்கள் வீடுகளில் பொட்டை அப்படி அழிக்கமாட்டார்கள். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இறுக்கத்தைத் தளர்த்தினாள். பலகையை எடுத்துக் கீழே வைத்தாள். செல்ஃபோன் வெளிச்சத்தை விரிசல் மேல் பிடித்து, ஊசி முனையால் கீறிப் பார்த்தாள். முனையில் கறுத்த துரு வந்தது.

"இது நேத்து விட்டது இல்லீங்க. நேத்து விட்டிருந்தா உள்ள வெள்ளி மாதிரி மின்னும். இது ரொம்பப் பழசு."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கைப்பிடியை எடுத்தாள். ஒரு முனையில் குமிழ் லேத்தில் கடைந்தது. இன்னொரு முனை ரம்பத்தால் அறுத்து, தனியாக ஒரு குமிழ் வைத்து ஆணி அடித்தது. இத்தனை வருஷமாக யாரும் அதைக் கவனித்ததில்லை. அது கஞ்சத்தனம் இல்லை. நீளமாக இருந்த கைப்பிடியை அவரே அறுத்திருக்கிறார், யாரும் பலம் கொடுத்து இறுக்க முடியாதபடிக்கு. விரிசலைப் பொட்டால் மூடியதும் அவர்தான். மகளிடம் சொல்ல அவருக்கும் பயமாக இருந்திருக்கிறது.

அவள் இரண்டு கைப்பிடிகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளங்கைத் தழும்பைத் தடவினாள்.

"அப்பாவும் சொல்லல, நீங்களும் சொல்லல. நடுவுல கை வச்சது நான்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எனக்கு மாமனாரின் முறைப்பே தேவலை என்றிருந்தது. பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்தாள். இது இனிமேல் வேண்டாம், விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் இரண்டு கையையும் கீழே கொடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்று வர, கனம் என் கையில் இறங்கியது. கடைசி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

அவள் ஸ்பேனரை நிறுத்தினாள். தழும்பு இருந்த கையை என் கைக்குப் பக்கத்தில் கீழே கொடுத்துவிட்டு, மற்றக் கையால் திருகினாள்.