ஒன்றரை அடி ஜன்னல்

வெட்டவெளியில் நடந்து போகிறவனைக் கூப்பிட்டு, “டேய், அது சுவருப்பா, சுத்திப் போ” என்று சொல்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சமுதாயக் கல்லூரிக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். கட்டடத் திட்டப் பிரிவில் வரைபடம் போடுகிறவள். வாட்ச்மேனிலிருந்து முதல்வர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘நாளைக்கு அக்கா’. பின்னே என்ன? எந்த மூலையைக் காட்டிக் கேட்டாலும் “இங்க நாளைக்கு ஆய்வுக்கூடம் வரும்”, “அங்க நாளைக்குப் படிக்கட்டு வரும்” என்பாள். அந்த நாளைக்கு வருவதற்கு மூன்று வருஷமும் ஆகும், ஏழு வருஷமும் ஆகும். ஆனால் ஒருநாள் வந்து நிற்கும். அதனால் கேலி செய்கிறவர்களும் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள். மைதானத்தில் பனி கலையாமல் கிடக்கும். கையில் சுருட்டிய வரைபடத்தோடு அந்தப் பனிக்குள் நடப்பாள். புல்தரையின் நடுவில் நின்று செருப்பைத் துடைத்துக்கொள்வாள், ஏனென்றால் அங்கே வாசல். இடது பக்கம் திரும்புவாள், அது நடைபாதை. அப்புறம் நடை மெதுவாகும், மூச்சு வாங்கும். ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டு, “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்று பதறிப்போய்க் கேட்டார்.

“ரெண்டு மாடி ஏறியிருக்கேன் மேஸ்திரி, மூச்சு வாங்காதா?”

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர் கண்ணும் தன்னையறியாமல் மேலே போனது. அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

முந்நூறு பேரோடு தொடங்கிய கல்லூரியில் இப்போது மூவாயிரம் பேர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் படிக்க வருகிறவர்கள், பாதியில் விட்ட படிப்பைப் பிடிக்க வருகிறவர்கள். பழைய பட்டறை வகுப்பறையாகி, வகுப்பறை நூலகமாகி, நூலகம் இடம் போதாமல் நடைபாதைக்கு வழிந்துவிட்டது. எதை இடிப்பது, எதைப் புதுப்பிப்பது, எதைப் புதிதாக எழுப்புவது என்று மூன்று முறை பெருந்திட்டம் போட்டார்கள். மூன்றையும் வரைந்தவள் இவள்தான். மூன்றிலும் ஓர் ஓரமாகச் சின்ன அறை ஒன்றை வைத்து, ‘குழந்தைகள் அறை’ என்று எழுதினாள். மூன்று முறையும் முதல்வர் அம்மா சிவப்புப் பேனாவால் அடித்தார்.

“படிக்க வர்றவங்க பெரியவங்கம்மா. அவசியமானதை முதல்ல கட்டுவோம்.”

அவசியமாம்! அவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். அங்கேயே நின்றால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் இங்கேதான் படிக்க வந்தாள். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. புருஷனுக்கு பஸ் ஓட்டுகிற வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. வகுப்புக்கு வெளியே, நடைபாதைக் கோடியில் ஒரு அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து உட்கார வைத்தாள். கூட்டிப் பெருக்குகிற அம்மா, போகிற வருகிற நேரத்தில் ஒரு கண் பார்த்துக்கொண்டாள். பெட்டிக்கு எதிரே சுவர். குழந்தை அந்தச் சுவரைப் பார்த்தபடி வீறிட்டு அழும். கரும்பலகையில் வாத்தியார் போடுகிற கோடெல்லாம் இவள் கண்ணுக்குள் நீராய் நெளியும். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் வரவில்லை. விட்ட படிப்பை முடிக்க அப்புறம் ஒன்பது வருஷம் ஆனது.

நாலாவது திட்டம் போடும்போதுதான் அவளுக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. செவிலியர் வகுப்புக்கான புதுக் கட்டடம். அதே அறை, அதே ஓரம். பெயர் மட்டும் ‘ஸ்டோர் ரூம்’. ஸ்டோர் ரூமை எந்த மகராசன் அடிப்பான்? ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கையெழுத்து விழுந்தது. கட்டி முடிந்த பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று கமுக்கமாக இருந்துவிட்டாள். அந்த வாரம் பூராவும் அவள் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். “இப்ப எந்த ரூம்ல இருக்க?” என்றார் புருஷன்.

“ஜன்னல்கிட்ட.”

அந்த ஜன்னலைத்தான் அவள் ஆசை ஆசையாக வரைந்திருந்தாள். தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும் ஜன்னல்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம், பழைய நூலகத்தைப் புதுப்பிக்க அளவெடுக்கப் போனதில் பத்து நாள் அந்தப் பக்கமே வர முடியவில்லை. பதினோராம் நாள் வந்து பார்த்தால், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் முழுச் சுவர். ஆறடிக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு சின்னத் திறப்பு.

“மேஸ்திரி! ஜன்னல் எங்க?”

“அட, ஸ்டோர் ரூமுக்கு யாராவது ஒன்றரை அடியில ஜன்னல் வைப்பாங்களாக்கா? கனவுல போட்டுட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்.” நல்லது செய்த பெருமையில் முகமெல்லாம் சிரிப்பு.

அவரை என்ன சொல்ல? தன் பொய் தன் வரைபடத்தையே விழுங்கிவிட்டது. கட்டின சுவரை இடிக்க முதல்வர் கையெழுத்து வேண்டும். அதற்கான தாளில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘வெளிச்சம்’ என்று எழுதினாள். அடித்தாள். ‘காற்றோட்டம்’ என்று எழுதினாள். அதையும் அடித்தாள். உண்மையைச் சொன்னால் அறையே போய்விடும், வேலைக்கும் உலை வைத்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு கிடங்குக்குள் குழந்தைகளை அடைக்க வேண்டும். கடைசியில் ‘குழந்தைகள்’ என்று எழுதிக்கொண்டு போனாள்.

முதல்வர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை நாளா என்னை ஏமாத்துறீங்க?”

“இந்த ஒரு தடவைதாம்மா. இதுக்கு முன்னாடி மூணு தடவையும் நிஜத்தைத்தான் எழுதினேன். நீங்க அடிச்சிட்டீங்க.”

முதல்வர் அம்மா கோபமாக எழுந்தார். “வாங்க, எனக்கு அந்த ரூமைப் பாக்கணும்.”

அறைக்குள் சிமெண்டு ஈரம் காயவில்லை. மேஸ்திரி ஓரமாக ஒதுங்கி நின்றார். முதல்வர் அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “ஜன்னல்னா ஜன்னல் உயரத்துல வைக்க வேண்டியதுதானே. அது என்ன ஒன்றரை அடி?” என்றார்.

“கொஞ்சம் உக்காந்து பாருங்கம்மா.”

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டாள். முதல்வர் அம்மா அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டி சடசடக்க, அந்தச் சுவருக்கு எதிரே குந்தினார்.

“ஒண்ணும் தெரியலையே. சுவருதான் தெரியுது.”

“அதைத்தாம்மா எம்பொண்ணு ரெண்டு வாரம் பாத்தா.”

முதல்வர் அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” இப்போது குரல் இறங்கியிருந்தது.

“வகுப்பு வாசல். பெல் அடிச்சதும் அம்மா வெளிய வர்றது இங்க உக்காந்திருக்கிற புள்ளைக்குத் தெரியும்.”

தாளுக்காகக் கை நீண்டது. குந்தியபடியே முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் முதல்வர் அம்மா. அதோடு, அதே பேனாவால் அவள் விரித்துக் காட்டிய வரைபடத்தில் ‘ஸ்டோர் ரூம்’ என்று இருந்ததையும் அடித்தார். சிவப்புப் பேனாதான்.

மேஸ்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். “அழாதீங்கக்கா. நாளைக்குக் காலையில முதல் வேலையா இடிச்சிடறேன்.”

“நாளைக்கா?” என்றாள் நாளைக்கு அக்கா. “இப்பவே இடிங்க மேஸ்திரி.”