உப்பு வடிதாளில் நிற்காது

என் வகுப்புத் தோழி லக்சிகாவைப் பற்றி எழுதும்போது ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குக் கெட்ட பெயர் தரக்கூடிய பகுதியையும் எழுதுவேன். அவளோடு பதினோராம் தரத்தில் படித்தவர்களும், அவளிடம் விஞ்ஞானம் கேட்ட சின்னப் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள்.

அவள் இறந்த செய்தி வந்தபோது நான் வீட்டில் வடிதாள்களை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்புக்கு அவை தேவை. அம்மா தொலைபேசியுடன் குசினி அடுப்படியிலிருந்து வந்து, "கத்திரிக்கோலை வை பிள்ளை," என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் கையிலிருந்த தாளை வெட்டி முடித்துவிட்டே கத்திரிக்கோலை வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

லக்சிகாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் மூலம் அவளது இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். செய்த அன்று படுத்தே கிடப்பாள். மறுநாள் கொஞ்சம் தெம்பு வரும். அதனால்தான் தரம் ஐந்துப் பிள்ளைகளுக்கு எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகம் ஆய்வுகூடத்தில் நடத்திய வகுப்பைப் புதன்கிழமைக்கு மாற்றினோம்.

ஒருமுறை புல்மோட்டையில் இருக்கும் மாமா கொடுத்த கறுப்பு மணலைக் கடற்கரை மணலோடு கலந்து கொண்டுவந்தாள். பிரிக்கச் சொன்னதும் பிள்ளைகள் நகத்தால் பொறுக்கத் தொடங்கினார்கள். "இப்பிடிப் பொறுக்கினா முடியிறதுக்குள்ள உங்களுக்குக் கலியாண வயசு வந்திடும்," என்றாள். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மணலுக்கு மேலே நகர்த்தினாள். கறுப்பு மணிகள் மயிர் சிலிர்த்ததுபோல் எழுந்து ஒட்டிக்கொண்டன. "பிரிக்க முதல் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாருங்கோ. பிறகு கை தானா வேலை செய்யும்," என்றாள்.

அடுத்த வகுப்பில் உப்பும் மணலும். இரண்டையும் தண்ணீரில் கலக்கி வடிதாளில் ஊற்றினாள். மணல் தாளில் நின்றது. உப்பைக் காணவில்லை. பவிஷா என்ற பிள்ளை வடிந்த தண்ணீரை விரலில் தொட்டு நக்கிவிட்டு, "அக்கா, உப்பு இதுக்குள்ள ஒளிச்சிருக்கு," என்றாள்.

"ஓம். கரைஞ்சது தாளுக்குள்ளால போயிடும். கரையாதது மேல நிக்கும். என்ர மெசினும் இப்பிடித்தான். இரத்தத்தில கரைஞ்ச கழிவு வெளியால போகும். இரத்தத் துணிக்கையள் உள்ள நிக்கும்."

"அப்ப நீங்க வடிச்ச அக்காவோ?"

"கிழமைக்கு ரெண்டு தரம் வடிச்ச அக்கா. அதுதான் இவ்வளவு வடிவு."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சுவைத்துப் பாருங்கள் என்று பவிஷா வடிந்த தண்ணீர் இருந்த முகவையை நீட்டியபோது, "எனக்கு ஏலாது. தண்ணியும் உப்பும் அளவு," என்று அதை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வார்த்தை என் மனதில் கிடந்தது. தண்ணீர்தானே கூடாது, இளநீர் ஆகும் என்று நினைத்து, அடுத்த புதன்கிழமை எங்கள் லிங்கநகர் வீட்டு மரத்துச் செவ்விளநீரைப் போத்தலில் நிரப்பிக் கொண்டுபோனேன். சிறுநீரகத்துக்கு இளநீர் நல்லது என்று ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதை ஒரு புத்தகத்திலும் தேடிப் பார்க்கவில்லை, எதற்கும் புத்தகம் தேடுகிற நான். லக்சிகா போத்தலையும் என்னையும் பார்த்தாள். பிறகு அரைவாசிக்கு மேல் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்த தாதி அவளைக் கடுமையாக ஏசியிருக்கிறார். என் பெயரை அவள் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "இளநீரில பொற்றாசியம் கூட. எனக்கு அதை வெளியேத்த ஏலாது. கூடினா இதயம் நிண்டுபோகும்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சனீ?"

"வாய் எத்தனை மாசமாக் காய்ஞ்சு கிடக்குது. நீயும் கலியாண வீட்டுக்காரி மாதிரிப் போத்தலோட நிண்டாய். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு மூன்று வாரம் வகுப்பு எடுத்தாள். பின்னர் காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் இறந்துபோனாள். பொற்றாசியம் அத்தனை நாள் உடலில் தங்காது, இடையில் பல தடவை இயந்திரம் அதை அகற்றியிருக்கும் என்று இப்போது வாசித்து அறிந்திருக்கிறேன். வாசித்தது எனக்கு உதவவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் போனபோது அவளுடைய அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்கும் தனக்கும் தேநீர் ஊற்றி வைத்தார்.

"காய்ச்சல் எண்டுதான் டொக்டர் சொன்னவர்," என்றார்.

"இளநீரால இல்லையோ அன்ரி?"

"நான் கேக்கேல்லப் பிள்ளை. கேட்டு என்னத்தைச் செய்யிறது? அவள் அண்டைக்கு வீட்ட வந்து, இளநீர் குடிச்சனான் அம்மா எண்டு சிரிச்சவள். நானும் ஏசினனான்." அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. தேநீர் ஆறும்வரை இருவரும் கதிரையில் இருந்தோம்.

நேற்று புதன்கிழமை. வகுப்பு இல்லை என்று யாரும் சொல்லாததால் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் ஆவியாதல் பாடத்தைத் தொடங்கினேன். பவிஷா கையை உயர்த்தினாள்.

"மெசின் வடிச்சுக்கொண்டுதானே இருந்தது. பிறகேன் லக்சிகா அக்கா செத்தவ?"

சிறுநீரகம் செய்யும் வேலைகளை நான் வரிசையாகச் சொல்லுவேன். பரீட்சையில் அதற்கு முழுப் புள்ளி எடுத்தவள். கிருமி என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் வாயைத் திறந்தபோது, "எனக்குத் தெரியாது," என்பதுதான் வந்தது. அந்தப் பிள்ளை ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தாள். லக்சிகாவிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தப் புதன்கிழமைகளும், நான் பதில் சொல்லவேண்டிய இருபது முகங்களும்தான். ஆய்வுகூடம் பூட்டும் நேரமாகிவிட்டது என்று வாசலில் காவலாளியின் குரல் கேட்டது. பிள்ளைகள் எழும்பவில்லை. என்னிடமிருந்து பதில் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். காவலாளி விளக்குகளை அணைத்தார்.