விதுரனைப் பற்றித் தாய் சொன்னது

குகனேஸ்வரி தன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் சொந்த ஆளைப் பற்றி நாலுபேர் முன்னால் பெருமையாகக் கதைத்தாள். ஒரு கலியாண வீட்டில், கூல் டிரிங்ஸ் கையில் இருக்க, "இவருக்கு ஒரு காய்ச்சல் தடிமன் எண்டு படுத்து நான் கண்டதில்லை" என்று புருசனைக் காட்டிச் சொன்னாள். பேரின்பநாயகத்துக்கு அப்போது இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் நாப்போலிக் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை. அவள் அப்படிச் சொல்லி ஒன்பதாம் நாள் காலை நெஞ்சைப் பொத்திக்கொண்டு கப்பலடியில் குந்தியவர் பிறகு எழும்பவில்லை. வயது நாற்பத்தாறு. இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். அவள் ஓம் என்று தலையாட்டினாள். எதனால் அடைத்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து, மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரவில்லை. விதுரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோயிலில் யாராவது "பெடியன் நல்லா வளந்திட்டான்" என்றால் உடனே வெட்டுவாள்: "வளந்தென்ன, ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியாது." கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று, நாவூறுக்குத் தாய் பயப்படுகிறாள் என்று அவர்களுக்கு விளங்கும். அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள், இவளளவுக்கு இல்லாவிட்டாலும். விதுரன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

லிபெர்த்தா தெருவில், தொண்ணூற்றொரு வயதுக் கிளறா அம்மாவை, இத்தாலியனில் சிஞ்ஞோரா கிளறாவை, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மத்தியானம் சூப் பருக்கி, பின்னேரம் அவள் மகள் வந்ததும் பஸ் ஏறி ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த இரண்டு அறை வீட்டுக்குத் திரும்புவதுதான் குகனேஸ்வரியின் சீவியம்.

விதுரன் ஞாயிறுகளில் மற்றப் பெடியளோடு கிரிக்கெட் விளையாடியவன். எல்லைக் கோட்டிலிருந்து அவன் எறிந்த பந்து நேரே விக்கெட்டைச் சாய்த்ததை, பக்கத்து மைதானத்தில் பேஸ்போல் பழக்கிக்கொண்டிருந்த தனியேல் கண்டான். வேலியைத் தாண்டி வந்து, "அதை இன்னொருதரம் எறி" என்றான். தொடங்கியது அப்படித்தான். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்கப் பேஸ்போல் குழு விதுரனை எடுத்தது. எடுத்தது பெரிய குழுவுக்கு அல்ல. அதற்குக் கீழே படிப்படியாகச் சின்னக் குழுக்கள் இருந்தன. பெடியளை அங்கே விட்டு வளர்ப்பார்கள். அதற்குப் பண்ணை என்றே பெயர்.

"பண்ணையெண்டால் ஒருநாள் கழுத்தையும் திருகுவினம்தானே," என்று குகனேஸ்வரி கேட்டாள்.

தனியேல் சிரித்தான். பிறகு, ஒவ்வொரு மார்ச்சிலும் அது நடக்கும், தேறாதவர்களைக் கழித்துவிடுவார்கள் என்றான்.

ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு கோப்பு உண்டு என்று அவன்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினான். இருபதில் தொடங்கி எண்பது வரை புள்ளி போடுவார்கள். விதுரனின் வேகத்துக்கு அறுபது. நினைத்த இடத்தில் பந்தைப் போடுவதற்கு முப்பத்தைந்து. "அறுபதைப் பார்த்தால் வைத்திருப்பார்கள், முப்பத்தைந்தைப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இந்த வருடம் இழுபறிதான், சிஞ்ஞோரா."

இரண்டு பருவம் அங்கே விளையாடிவிட்டு விதுரன் குளிர்காலத்துக்கு வீடு வந்திருந்தான். விடியப்புறம் ஐந்தரைக்கு எழும்பிக் கடற்கரையோரம் ஓடுவான். திரும்பி வந்து, கீழ் முற்றத்துச் சுவரில் சோக்கால் கீறிய சதுரத்துக்குள் இருநூறு பந்து எறிவான். குகனேஸ்வரி வேலைக்குப் போகும்போது படிக்கட்டு வளைவில் அவனுக்குத் தெரியாமல் நின்று எண்ணுவாள். மார்கழியில் பத்துக்கு ஐந்து உள்ளே விழுந்தது. தை மாதம் பத்துக்கு எட்டு. அன்றைக்கு பஸ்ஸில் முழுவழியும் அவளுக்குக் கண் கலங்கிக்கொண்டிருந்தது. அவனிடம் வாய் திறக்கவில்லை.

தை கடைசியில் கிறிகோரி வந்தார். பண்ணைப் பெடியளை மதிப்பிடுவது அவருடைய வேலை. அமெரிக்காவில் மினசோட்டாக்காரர், இத்தாலியில் பார்மா நகரில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், இத்தாலியன் தண்ணீர் மாதிரி வரும். தனியேலையும் விதுரனையும் மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குத் தனியே வந்தார். பெடியன் இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்ப்பது அவர் வழக்கம். குகனேஸ்வரி வடை சுட்டு, கோப்பி வைத்து, நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

அவர் ஒரு வடையைக் கடித்துவிட்டு, "உங்கள் மகனுக்கு இருப்பது கடவுள் தந்த கை, சிஞ்ஞோரா," என்றார்.

குகனேஸ்வரி உடனே வெட்டினாள்.

"கடவுள் கையைத் தந்து என்ன, மூளையைத் தரேல்லையே."

கிறிகோரி சிரித்தார். "மிகவும் ஒழுக்கமானவன் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள்."

"அங்கை நடிப்பான். இஞ்சை வந்து பாருங்கோ. பத்து மணி மட்டும் படுக்கை."

"அப்படியென்றால் குளிர்காலப் பயிற்சி?"

"எங்கை. சொன்னாலும் எழும்பான்."

"ஓர் ஆட்டத்தில் தோற்றால் எப்படி எடுத்துக்கொள்வான்?"

"முகத்தைத் தூக்கிக்கொண்டு மூலையிலை இருப்பான். தேப்பன் மாதிரி இல்லை."

"நல்லதாக ஏதாவது ஒன்று சொல்லுங்களேன்."

"சாப்பிடுவான்," என்றாள் குகனேஸ்வரி.

இதையெல்லாம் சிரித்த முகத்தோடு, வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளித் தள்ளித்தான் சொன்னாள். ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால், "சும்மா போங்கோ அக்கா" என்று பேச்சைத் தட்டிவிட்டிருப்பார். கிறிகோரி சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து எழுதினார். அவர் எழுதுவதை அவள் கண்டாள். கண்டு ஆறுதல்பட்டாள். புள்ளிகளை மெசின்தான் போடும், கொப்பிக்கு அதில் பங்கில்லை என்று நினைத்திருந்தாள். கொப்பியில் குறைவாக எழுதப்பட்டால் கண் படாது, அவ்வளவும் நல்லது. அவர் போனதும் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வைத்தாள். விதுரன் வியர்வையோடு வந்து சேர்ந்ததும் அவன் தலையை மூன்றுதரம் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"அந்தாள் என்ன கேட்டவர்?"

"என்னத்தைக் கேக்கிறது. வடை நல்லாயிருக்காம்."

மாசியில் விதுரன் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனான். மார்ச் பதினெட்டாம் தேதி தனியேல் லிபெர்த்தாவுக்கே, கிளறாவின் வீட்டுக்கு வந்து மணியை அடித்தான். விதுரனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு எறிகாரர். புள்ளிகள் இரண்டுபேருக்கும் ஒன்றுதான். இவனுடைய முப்பத்தைந்து நாற்பத்தைந்தாகக்கூட ஏறியிருந்தது. கடைசிப் பக்கத்தில் புள்ளி கிடையாது, பெடியனின் குணம் எப்படியென்று வெறும் எழுத்து மட்டும். அதைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

"சிஞ்ஞோரா, அவரிடம் என்னதான் சொன்னீர்கள்?"

அவள் சொன்னாள். தனியேல் நெற்றியில் கையை வைத்தான்.

"என் அம்மாவும் இப்படித்தான். யாராவது என்னைப் புகழ்ந்தால், கண் படாமல் இருக்கத் தொடவென்று இரும்பைத் தேடி ஓடுவாள். ஆனால் மினசோட்டாவில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

உள்ளே சிஞ்ஞோரா கிளறா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்த குகனேஸ்வரி, தனியேலின் போனை வாங்கி, சமையலறையில் நின்று கிறிகோரியோடு கதைத்தாள். எட்டு வருடத்தில் முதல்தடவையாக மகனைப் பற்றி நல்லது சொன்னாள். ஐந்தரை மணி. ஓட்டம். இருநூறு பந்து. பத்துக்கு எட்டு. ஒருமுறை சிஞ்ஞோரா கிளறா விழுந்தபோது அவன் வந்து பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கியது. தேப்பனின் செத்தவீட்டில் தாயின் கையை விடாமல் நின்றது. அவளுடைய இத்தாலியன் தடுக்கியது. வேலைக்குரிய சொற்கள்தான் அவளிடம் இருந்தன, புகழுகிற சொற்கள் இல்லை. "நல்லவன், நல்லவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிறிகோரி கடைசிவரை கேட்டார்.

"சிஞ்ஞோரா, அனுப்பிய பிறகு எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அனுப்புவதற்கு முன்னால் உங்களைப் போல ஒரு தாயும் மகனைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் நம்பினேன்." குரலில் கோபம் இல்லை. கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

நாலாம் நாள் அவள் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில், விமான நிலையத்து ரயில் வரும் மேடையில் நின்றாள். வீட்டுக்குப் போகமுதல் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்குள் போனால் சமைக்கத் தொடங்கிவிடுவாள், பிறகு சொல்ல வராது. விதுரன் ஒரு பையோடு இறங்கி வந்தான். மெலிந்திருந்தான். மேடைக் கல்லில் இருவரும் இருந்தார்கள்.

"தம்பி, நான்தான் அந்தாளுக்கு…"

"தெரியும். அங்கை வாசிச்சுக் காட்டினவை."

"அப்ப பொய்யெண்டு சொல்லியிருக்கலாமே."

"உண்மையோ எண்டு கேட்டவை. நான் பேசாமல் இருந்தன்."

"ஏன்ரா?"

அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அம்மா சொன்னதெண்டால் அம்மா அப்பிடித்தான் நினைக்கிறா எண்டு நினைச்சன். வேறை என்ன நினைக்கிறது?"

"நாவூறு படும் எண்டு… கோயிலிலை எல்லாரும் சொல்லுறதுதானே. உனக்குத் தெரியாதோ?"

"மற்ற அம்மாமார் வெளியிலைதான் அப்பிடிச் சொல்லுவினம். வீட்டை போய் வேறை மாதிரிக் கதைப்பினம்."

குகனேஸ்வரி சதுரத்தைப் பற்றியும், படிக்கட்டில் நின்று எண்ணியதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். அவன் கையை உயர்த்தினான். கோபமாக இல்லை, ஒரு வாகனத்தை நிற்பாட்டுவது போல.

"இப்ப வேண்டாம் அம்மா."

மேடை காலியானது. துப்பரவாக்குகிற ஆள் அவர்களின் காலடியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் கிளறாவின் கட்டடத்தைப் பற்றிச் சொன்னாள். மூன்றாம் மாடியில் ஒரு கிழவருக்குப் பக்கவாதம். கனத்த உடம்பு, பெண்களால் தூக்க ஏலாது. பலமான ஓர் ஆள் தேடுகிறார்கள். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவனைக் கேட்டுத்தான் சொல்வாள்.

"எத்தினை மணிக்குப் போகவேணும்?"

"ஆறரைக்கு."

"சரி," என்றான் விதுரன். எழும்பி, இவ்வளவு நாளும் பாரம் தூக்கவிடாமல் காத்த, எறிகிற கையில் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.