புயல் மழையில் இளகிய தோல்வார்

நான் தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்கிறேன். பத்திரிகைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தகரக் கூரையின் கீழ் குடியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சென்ற வருஷம் புயல் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். கிடங்கில் மிஞ்சிய, பதனிடாத பச்சைத்தோல் வார்களால் கூரைத் தகரங்களை மூங்கிலோடு இறுக்கிக் கட்டினேன்.

“ஒங்களுக்குக் கடையில கம்பி கெடைக்கலியாக்கும்?” என்றாள் மனைவி.

“காளமாடு இழுத்தாலும் இது அறாதுட்டி.”

“கூரையில மாட்டயா கட்டப் போறிய?”

மறுநாள் மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. வார் அறவில்லை, நனைந்து இளகி நீண்டுகொண்டே போயிற்று. தொட்டிலுக்கு மேலிருந்த தகரம் தூக்கித் தூக்கி அடித்தது.

“பிள்ளையத் தூக்குட்டி!” என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். அவள் வாரி எடுத்து நகர்ந்தாள். அடுத்த நொடி தகரம் உள்ளே சரிந்து தொட்டில் துணியைக் கிழித்தது. காற்று ஓயும்வரை குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தோம்.

தோலை நீரில் ஊறவைத்து இளக்குவதுதான் என் அன்றாட வேலை. கூரையிலும் அது இளகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது மழைக்காலத்துக்கு முன்பே கம்பியால் கட்டிவிடுகிறேன். காய்ச்சல் மருந்தையும் உலர்ந்த துணியையும் மூடிபோட்ட டின்னில் வைக்கிறோம். காற்று பலக்கும் முன்பே பக்கத்துக் கல் கட்டடத்துக்குப் போய்விடுகிறோம். அன்று தொட்டிலில் கிடந்த பேரன் மகளோடு இங்கே வந்திருக்கும்போது தகரம் சத்தமிட்டால் கைதட்டிச் சிரிக்கிறான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.