எனக்கு முன்னால் கிளம்பிய பை

ராகுகாலத்தில் ஸ்கூட்டர் எடுத்தவன், எமகண்டத்தில் வீட்டுக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் என்று கேட்காதவர்களிடம்கூடப் பெருமையடித்துக்கொள்ளும் ஆசாமி நான். திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசி, சாப்பாட்டுப் பந்தியை நேரத்துக்கு முன்பே நிரப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், ஸ்டுட்கார்ட் நகரத்தை விட்டுக் கிளம்பும்போது நல்ல நேரம் பார்த்து, என் பாஸ்போர்ட்டை எதிர்வீட்டு ஜெர்மன் அம்மாளிடம் கொடுத்து வைத்தேன். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி ஏற்கெனவே ஊர் பூராவும் சொல்லிவிட்டதால், இனி நான் மறைத்துப் பயனில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இரண்டு வருடம் என்னை அங்கே அனுப்பியிருந்தது. மகனின் பன்னிரண்டாம் வகுப்புக்குக் காவலாக மனைவி ஊரிலேயே தங்கிவிட்டாள். திருமுல்லைவாயிலில் நாங்கள் குடிபோன வாரமே என் சம்பளம், ராசி, சர்க்கரை அளவு மூன்றும் மாடிக்கு மாடி தெரிந்திருந்தன. ஸ்டுட்கார்ட் அடுக்ககத்திலோ அந்த எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் முகம் பார்த்துப் பேசியது ஒரே ஒரு தடவை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது கதவைத் தட்டி, "தீ விபத்தா?" என்று கேட்டார். "இல்லை, துவரம்பருப்பு" என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற குடித்தனக்காரர்களோடு அந்த அளவு நெருக்கம்கூட இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகம் நிமிராமல் ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டை அலுவலகம் ஒரு செவ்வாய்க்கிழமையில் போட்டது. விஷயம் பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருக்கும் என் மச்சான் காதுக்குப் போயிற்று. மச்சான் என் மனைவியின் அண்ணன். கடையில் தொங்கும் தினசரி காலண்டரைக் கேட்காமல் பஞ்சர்கூட ஒட்டமாட்டார். உடனே போன் போட்டார்.

"இன்னா மாப்ளே, செவ்வாக்கெழம கெளம்புறியாமே? காலண்டர்ல கரிநாளுன்னு வேற போட்டுகீது!"

"ஆபீஸ்ல போட்டது மச்சான். மாத்த முடியாது. அதுவுமில்லாம எனக்கு இதிலெல்லாம்..."

"தெரியும், தெரியும். உன் பகுத்தறிவ தரையில நிக்கறப்ப வெச்சிக்க நைனா. அந்தரத்துல பறக்கறப்ப இன்னாத்துக்கு வம்பு?"

நம்பிக்கை இல்லாதவனுக்குப் பயமும் இருக்காது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். நான் போனை வைக்காமல் காத்திருந்தேன். மச்சானே பரிகாரமும் சொன்னார்: பரஸ்தானம். அதாவது, கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பயணப் பையை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அலுவலகத்தில் பழைய தேதி போட்டு விடுப்புக் கடிதம் கொடுப்பதில்லையா, அதே தத்துவம்தான்.

"பையில நெசமாவே பயணத்துக்கு வேணுங்கற ஐட்டம் இருக்கணும் மாப்ளே. கிழிஞ்ச பனியன வெச்சி கிரகத்த ஏமாத்தலாம்னு பாக்காத" என்று எச்சரித்துவிட்டு போனை வைத்தார்.

பயணத்துக்கு உண்மையிலேயே வேண்டியது எது? யோசித்தேன். படித்தவன் யோசித்தால் இப்படித்தான் முடியும். ஒரு வேட்டி, மஞ்சள்கிழங்கு, ஒரு பிடி அரிசி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சின்னத் தோள்பையில் போட்டு, வியாழக்கிழமை எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். மச்சான் சொன்ன நல்ல நேரம் பூந்தமல்லிக்கா, ஸ்டுட்கார்ட்டுக்கா என்ற சந்தேகம் வந்தது. கேட்டால் இன்னொரு பரிகாரம் வரும் என்று கேட்கவில்லை.

அம்மாள் பையைப் பார்த்தார். "உங்கள் வீட்டில் இடம் இல்லையா?"

பரஸ்தானத்துக்கு ஜெர்மனில் வார்த்தை தேடித் தோற்றேன். "பயணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் பையைப் பக்கத்து வீட்டில் வைப்பது வழக்கம். செவ்வாய் காலை வாங்கிக்கொள்கிறேன்." பாஸ்போர்ட் நினைவுக்கு வரவே, "தயவுசெய்து தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் "சரி" என்று கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

திங்கள் மதியம் நகரத்துக்கு முறையாக விடை சொல்வதாகத் திட்டம். திராட்சைத் தோட்டத்துக் குன்றில் ஏறி, ஊரை ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டு, காப்பி குடிப்பது. பெருமூச்சுக்கான வாசகங்களைக்கூட மனதில் தயாரித்திருந்தேன். போகிற போக்கில், மறுநாள் எத்தனை மணிக்குப் பையை வாங்க வரலாம் என்று கேட்டுக்கொள்ள எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். வெளியே வந்து பார்த்தால், ஜன்னல் திரைகள் இறக்கிவிடப்பட்டிருந்தன.

அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. அழைப்புமணிப் பலகையில் பார்த்த பெயரையும் எனக்கு உச்சரிக்க வராது. மறுநாள் மதியம் விமானம். பாஸ்போர்ட் பூட்டிய வீட்டுக்குள். கரிநாள் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது.

அந்தக் கட்டிடத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். மேல்மாடியில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண், "அந்த அம்மாளுக்கு எதிர்வீட்டில் இருப்பவர் நீங்கள்தானா! தாளிக்கும் வாசனை எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, குழந்தையோடு கூடவே வந்தார். இரண்டாவது மாடிக்காரர் என்னை உணவு கொண்டுவரும் ஆள் என்று நினைத்து முதலில் கதவைச் சாத்தினார். விஷயம் புரிந்ததும் வெட்கப்பட்டு என்னோடு கிளம்பிவிட்டார். தரைத்தளத்துப் பெரியவரிடம் அம்மாள் வீட்டுச் சாவி இருந்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற. எங்களை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். நாங்கள் மூவரும், குழந்தையும், கல்யாண மண்டப வாசலில் நிற்பதுபோல் நின்றோம்.

வெளியே வந்து கையை விரித்தார். "பை இல்லை."

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் அம்மாளுக்கு போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"பையா? என்னோடு இருக்கிறது" என்றது குரல். "தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறேன். தனியாக விடாதீர்கள் என்றாரே, அதனால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக் காலை முதல் ரயிலில் வருகிறோம்."

வருகிறோம். அவரும் பையும்.

குன்றுக்குப் போகவில்லை. காப்பிப் பெண், செடிப் பெரியவர், இரண்டாவது மாடிக்காரர் மூவரும் மாறி மாறி எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் பேசாத ஜெர்மன் முழுவதையும் அன்று அந்த மாடிப்படியிலேயே பேசித் தீர்த்தேன். அறிமுகமாகிற நாளும் பிரிகிற நாளும் ஒன்றாகவே வந்துவிட்டதில், எதற்கு வருத்தப்படுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் ரயில் தாமதம். டாக்சி வாசலில் காத்திருக்க, நான் தெருமுனையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டேன். கடைசியில் அம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார், தோளில் என் பையோடு.

"உங்கள் பையை என் தங்கைக்கு மிகவும் பிடித்துவிட்டது" என்றார். கூடவே தங்கை கொடுத்ததாக ஒரு கேக் பொட்டலம். பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நன்றி சொல்ல நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், அவர் கண்கள் நான் நினைத்திருந்ததுபோல் நீலம் இல்லை, நம்மூர்ப் பழுப்பு. டாக்சி திரும்புகிறவரை மொத்தக் கட்டிடமும் வாசலில் நின்று கையாட்டியது. தயாரித்து வைத்திருந்த வாசகங்களில் ஒன்றுகூட வரவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் மச்சானுக்குப் பரம திருப்தி. "பாத்தியா மாப்ளே, உன்னோட பையி மட்டும் நல்ல நாள்லயே டூர் போய்ட்டு வந்துகீது!"

மனைவியிடம் அந்தக் கடைசிக் காட்சியை, குரல் தழுதழுக்க, கேக்கை வெட்டிக்கொண்டே விவரித்தேன். "யாருமே இல்லாத ஊருன்னு நெனச்சேன். கெளம்பறப்ப பார்த்தா, காரு கண்ணுக்கு மறையறவரைக்கும் ஒருத்தர்கூட உள்ள போகல, தெரியுமா?"

அவள் கேக்கை ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"நெஜமாவே கெளம்பிட்டீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு நின்னுருப்பாங்க."