யாரும் வாங்காத ஊசி

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எதற்கு? நான் கட்டி அனுப்பிய மூட்டையை நானே பிரித்துக்கொள்ள அனுமதி கேட்டு!

என் மளிகைக்கடை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியிலேயே நாலைந்து முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசியில் அலமாரி அலமாரியாகப் பார்ப்பேன். குறைந்த சரக்குக்கு ஈப்போவுக்கு ஆர்டர் போகும். அசையாத சரக்கு ஈப்போவுக்கே திரும்பிப் போகும். மொத்தக் கடைக்காரர் மற்ற கடைக்காரர்களிடம் என்னைத்தான் உதாரணம் காட்டுவாராம். அவராகச் சொன்னது, நான் கேட்கவில்லை.

இந்த மாதம் புழுங்கலரிசி நன்றாகப் போனது. டின் பால் போனது. கருவாடு வந்த வாரமே காலி. ஊசிப் பெட்டி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு ஊசிகூடக் குறையவில்லை. உடனே ஈப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘இந்தப் பக்கம் யாரும் தைப்பதில்லை. இனி ஊசி அனுப்ப வேண்டாம்.’ விற்காத சோப்புகளோடு ஊசிப் பெட்டியையும் சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, செவ்வாய் காலை மாட்டுவண்டியில் ரயிலுக்கு அனுப்பினேன். நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

பாதி மென்றிருப்பேன்... அஞ்சலை வந்துவிட்டாள். எதிர்த் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற பெண். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“அண்ணே, ஊசி ஒண்ணு குடுங்க. சீக்கிரம்லா!”

“ஊசியா? இப்பத்தானே தங்கச்சி ஈப்போவுக்குத் திருப்பி அனுப்பினேன்.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“மூணு நாளா பொழுது சாய வாரேன். ஊசி இருக்கு, ஆனா வெளக்கு வச்சாச்சு, தர மாட்டேன், பகல்ல வான்னு ஒங்க வீட்டு அக்கா அனுப்பிருது. பகல்ல நான் எங்க வாரது? ஸ்டோர்ல சங்கு ஊதினாத்தானே விடுவாங்க? இன்னைக்கு அரைநாள் பேரு, அரைநாள் கூலி போனாப் போவுதுன்னு கங்காணிகிட்ட சண்ட போட்டு வந்திருக்கேன். வெள்ளிக்கிழம எம்மவளுக்குக் கல்யாணம்ண்ணே! ரவிக்கைல ஒரு கைதான் தச்சிருக்கு. ஊசி ஒடஞ்சு போச்சு.”

“லயத்துல வேற யாருகிட்டயும் ஊசி இல்லையா?”

“நாலு லயத்துக்கும் அந்த ஒரு ஊசிதாண்ணே.”

எனக்குச் சுருக்கென்றது. நாலு லயத்து வரிசை வீடுகளிலும் இருக்கிற பெண்கள் ஒரே ஊசியை வீடு வீடாகக் கைமாற்றித் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ யாரும் தைப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்!

வீட்டுக்காரி சிவகாமியைக் கூப்பிட்டேன். “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? சாயங்காலமானா பேனாவ எடுத்துக்கிட்டு உள்ள போயிடுறீங்க. ஊசி, உப்பு, சுண்ணாம்புன்னு கேட்டு எத்தன பேரு திரும்பிப் போறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். வெளக்கு வச்ச பொறவு அதையெல்லாம் எப்படிக் குடுக்கிறது? லட்சுமி போயிட மாட்டாளா?”

நான் உள்ளே போய் எழுதுவது எதை? இதைத்தான், உங்களுக்கு! விற்ற சரக்கைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, வெறுங்கையோடு திரும்பிய ஆட்களைப் பார்க்கத் தெரியவில்லை. ஆள் வருகிற நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாத சரக்கு அலமாரியில் இருந்தால் என்ன, ஈப்போவில் இருந்தால் என்ன?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அஞ்சலை எனக்கு முன்னால் ஓடினாள். ரயில் வரக் கால் மணி நேரம் இருந்தது. மூட்டை மேடையில்தான் கிடந்தது. ஆனால் பார்சல் கிளார்க், யாழ்ப்பாணத்து மனிதர், சட்டம் தெரிந்தவர், அசையவில்லை.

“பிரிக்க ஏலாது அண்ணை. பதிஞ்சு போட்டன். இனி அது ரயில்வேயின்ர பொறுப்பு.”

நான் கெஞ்சினேன். பலனில்லை. பிறகு அஞ்சலை மடியிலிருந்து அந்த ரவிக்கையை எடுத்து அவர் மேசைமேல் விரித்தாள். சிவப்புத் துணி, ஒரு கைதான் இருந்தது.

அவர் அதையே பார்த்தார். “கலியாணச் சட்டையோ?”

“ஆமாங்கையா. வெள்ளிக்கிழம.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாக்கின்ர வாயை முந்தி இருந்த மாதிரித் தைச்சுத் தருவியளோ?”

அவரே மேசையிலிருந்து கத்தியையும் சாக்கு ஊசியையும் எடுத்துக் கொடுத்தார். பெட்டியை எடுத்ததும் சாக்கின் வாயை அஞ்சலை தைத்தாள். நான் தைத்ததைவிட நேர்த்தியாக இருந்தது. கிளார்க் மறுபடி எடை போட்டார். முள் பழைய எடையை விட்டு அசையவே இல்லை. முதல் முறையாகச் சிரித்தார்.

விளக்கு விஷயம்? சிவகாமி விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்று மாலை, விளக்கேற்றும் முன்பே ஊசி, உப்பு, சுண்ணாம்பு மூன்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சீனர் காப்பிக்கடைக்குப் போனாள். இருட்டியபின் யார் கேட்டாலும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள் என்றாள். அவருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. “போலே, போலே,” ஆகட்டும் ஆகட்டும் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். ஊசி வாங்க வருகிறவர்கள் ஒரு காப்பியும் குடிப்பார்கள் அல்லவா?

“குடுக்கிறது நாம இல்லையே,” என்றாள் சிவகாமி. லட்சுமியும் ஒப்புக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. மூன்றே மாலையில் பெட்டி காலி.

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாலை மாற்றப் பெண் இரண்டு கையையும் தூக்கினாள். நான் அந்த இரண்டாவது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்துவிட்டது. மறுநாளே ஈப்போவுக்குக் கடிதம் போட்டேன்: ‘இந்தப் பக்கம் எல்லோரும் தைக்கிறார்கள். ஊசி அனுப்பவும்.’

இதை இப்போது கல்லாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், விளக்கு வைத்த பிறகு. நடுவில் எங்காவது எழுத்து தடுமாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் — உப்பு கேட்டு ஒருவர் வந்தார், எழுந்து போய்ப் பக்கத்துக் கடையைக் காட்டிவிட்டு வந்தேன்.