ஜெராக்ஸில் விட்டுப்போன பக்கம்

போன வாரம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அருவி பார்க்க இல்லை. சால்வை வாங்கிக்கொள்ள!

கூப்பிட்டவர் எஸ்தர். திருச்சிக்காரர். மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் எடுக்கிறார். மாணவர்களுக்குப் பழைய சிறுகதைகள் சிலவற்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, 'படித்ததும் என்ன தோன்றியதோ அதை மட்டும் எழுதுங்கள், மேடையில் படிக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் மலைப் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா அம்மாவும் கேட்கட்டுமே என்று கூட்டத்தை மலைமேல் செம்மேட்டில் ஒரு ஹாலில் வைத்துவிட்டார். நான் சிறப்பு விருந்தினர். அதாவது, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப்போய், எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியவர்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். 'கண்கள் குளமாயின' என்றான் ஒருவன். 'என்னையறியாமல் அழுதேன்' என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் அதையே சொன்னாள், அதே வார்த்தைகளில். யார் மொபைலிலிருந்து யார் மொபைலுக்குப் போனதோ!

பெரும்பாலும் எல்லோரும் ஒரே கதைக்குத்தான் அழுதார்கள். எனக்கும் அது உயிரான கதை. சின்ன வயதில் கணவனை இழந்த ஒரு பெண். பெரிய வீடு. பின்கட்டில் மாவு அரைப்பதுதான் அவள் வாழ்க்கை. தம்பிக்குக் கல்யாணம் நடக்கிறது. 'நீ முன்னால் வந்துவிடாதே' என்று அவளிடம் சொல்லிவிடுகிறார்கள். கெட்டிமேளம் கேட்கும்போது ஒரு நிமிடம் ஆட்டுக்கல்லை நிறுத்திவிட்டு, மறுபடியும் அரைக்க ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் கதை. எப்போது படித்தாலும் அந்த இடத்தில் அழுதுவிடுவேன்.

அப்புறம் பவித்ரா வந்தாள். பி.ஏ. இரண்டாம் வருடம். மலைமேலேயே வளப்பூர் நாட்டுப் பக்கம் ஊர். பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"எனக்கு அழுகை வரலீங்க. கொழப்பமாத்தான் இருந்துச்சு. புருசன் செத்துட்டான், சரி. அந்தப் புள்ளைக்கு ஏன் வேற கல்யாணம் பண்ணி வெக்கல? காரணம் கதையில எங்கயுமே இல்லீங்க. மறுக்காப் படிச்சேன். அப்பவும் இல்ல. செரி, ஜெராக்ஸ் எடுக்கையில ஒரு பக்கம் விட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு மேடத்துகிட்டப் போயிக் கேட்டேன்."

ஹாலே சிரித்தது. எஸ்தரும் சிரித்தார். "நெஜமாவே வந்து கேட்டா சார்" என்று என் காதருகே சொன்னார். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மலைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. 'அதானே?' என்பது போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் சிரிப்பை நிறுத்திவிட்டு மனசுக்குள் கதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பவித்ரா சொன்னது சரிதான். காரணம் இல்லை. எழுதியவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்கெல்லாம் சொல்லாமலே தெரியும். தன் ஊர் வழக்கமே தெரியாத ஒரு பெண், மலைமேல் உட்கார்ந்து படிப்பாள் என்று அவர் கண்டாரா என்ன?

"எங்க ஊட்ல..." என்று அடுத்த பாராவை ஆரம்பித்த பவித்ரா, அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பார்வை இரண்டாம் வரிசைக்குப் போனது. அங்கே அவளுடைய ஹாஸ்டல் தோழி, சமவெளிக்காரி காவ்யா, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். விஷயம் என்னவென்று பிறகு காவ்யாவே என்னிடம் சொன்னாள். பேப்பரில் மிச்சம் இருந்தது பவித்ராவின் அம்மா கதை. அம்மாவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முந்தின நாள் ஹாஸ்டலில் அதைப் படித்த காவ்யா பதறிவிட்டாள். "எங்கூர்ப் பக்கம் இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க சார். நாளைக்கு இவளைத்தான ஒரு மாதிரிப் பேசுவாங்க? நல்லதுக்குத்தான் வேண்டாம்னேன்."

நல்லதுக்குத்தான். சந்தேகமே இல்லை. ஆனால் பாருங்கள்... அதற்கு முன்புவரை பவித்ராவுக்கு அது ஒரு சங்கதியே இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது, அவ்வளவுதான். விதவைக்கு நியாயம் கேட்டு எழுதிய கதை ஒன்றைப் படிக்கப்போய், பெற்ற தாயை நினைத்துக் கூச்சப்படக் கற்றுக்கொண்டு நின்றிருக்கிறாளே! காவ்யா சொல்லக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

"அவ்ளோதாங்க. நன்றி" என்று பேப்பரை மடித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டிருந்த பவித்ராவின் அம்மா.

"ஏங்கண்ணு நிறுத்திப்புட்ட? என்னையப் பத்தி எழுதியிருக்கறன்னு சொன்னியே சாமி... அது வரவே இல்லையே?"

அதில் கோபம் இல்லை. தன் பெயர் எப்போது வரும் என்று அவ்வளவு நேரம் காத்திருந்த ஏமாற்றம்தான். அந்த அம்மாவுக்கு ஒளிக்க எதுவும் இல்லை. மகளுக்கு மட்டும்தான் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

பவித்ரா அம்மாவைப் பார்த்தாள். காவ்யாவைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. இறங்கிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. மடித்த பேப்பரை மெதுவாகப் பிரித்தாள்.

"எனக்கு மூணு வயசுல எங்கப்பா மொளகு பறிக்கையில மரத்துலருந்து உழுந்து எறந்துட்டாருங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஊர்ல பேசி அம்மாவுக்குக் கல்யாணம் வெச்சாங்க. 'எம்புள்ளையும் என்கூட வரோணும்'னு அம்மா சொல்லுச்சாம். இப்ப இருக்கற அப்பா செரின்னுட்டாரு. என்னையக் காலேஜுல சேத்ததும் அவருதான். எங்கூர்ல இதுக்குத் தனிப் பேரெல்லாம் இல்லீங்க. கல்யாணம்தான்."

அப்புறம் எழுதாததையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். பேப்பரைப் பார்க்கவில்லை.

"கதையில வர்ற அந்தப் புள்ளைக்கு எங்கூரு தெரிஞ்சிருந்தா, பேசாம மலையேறி வந்திருக்கலாம்ங்க. நாங்க ஒரு நல்ல எடமாப் பாத்து முடிச்சு வெச்சிருப்போம்."

மறுபடியும் ஹால் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. பின்வரிசைக்காரர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், 'அது என் பொண்ணுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையில் பெண்களுக்கு எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தோட்ட வேலையும் வீட்டு வேலையும் அங்கேயும் அவர்கள் தலையில்தான். அந்தக் கதையும் பொய்யாகிவிடவில்லை. இன்னும் நல்ல கதைதான். ஆனால் நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பேச்சில் பாதி, அந்தக் கதை ஏன் எல்லோருக்கும் பொதுவானது என்பது பற்றி. பையிலிருந்து அதை எடுக்கவே இல்லை. கதை எல்லோரையும் ஒரே மாதிரி அழவைக்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? அழாத ஒருத்திதான் அன்றைக்கு அந்தக் கதையை ஒழுங்காகப் படித்திருந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பவித்ரா ஓடிவந்தாள். பின்னாலேயே காவ்யா.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? கதைக்கு மேல எழுதுனவரப் பத்திச் சின்னதாப் போட்டிருந்துச்சு. நடு வயசுலயே எறந்துட்டாருன்னு."

"ஆமாம்மா. பாவம்."

"அவரு ஊட்டம்மா அப்பறம் என்ன பண்ணாங்க சார்?"

பஸ் வந்துவிட்டது. 'தெரியலையேம்மா' என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று எனக்குத் தெரியும். எந்தக் கதையை எந்தப் பத்திரிகை திருப்பி அனுப்பியது என்று தெரியும். அவருக்குப் பிடித்த வெற்றிலைகூடத் தெரியும். அவர் கதையில் வந்த பெண்ணுக்காக அத்தனை தடவை அழுதிருக்கிறேன்... அவர் வீட்டில் இருந்த பெண் என்ன ஆனாள் என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.